கிளிங்கருக்குத் தமிழ்ல என்ன? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு எரிபொருள் பாடம் ஒண்ணு எழுதிட்டிருக்கேன், திங்கக்கிழமை அச்சுக்குப் போவணும். அமெரிக்காவுல பென்சில்வேனியா, பிரிட்டன்ல சவுத் வேல்ஸ் பக்கம் வீட்டு அடுப்புல ஆந்த்ரசைட்ங்கற கெட்டி நிலக்கரி எரிப்பாங்கல்ல, காத்து அதிகமா உட்டாலோ, மேல இருந்து கம்பியால கிண்டி சாம்பலை நெருப்புக்குள்ள ஏத்திட்டாலோ அந்தச் சாம்பலே உருகி, ஆறுனதும் கல்லாட்டம் இறுகி கம்பித்தட்டை அடைச்சுக்குது. அதுதான் கிளிங்கர். 'சாம்பல்கட்டி'ன்னு போட்டேன், மனசுக்கு ஒப்பல.

பொள்ளாச்சி:
ஒப்பாதுங்க டீச்சர். மழைத்தண்ணி பட்ட சாம்பலும் கட்டிதான். இதுல உருகுனதுதான் விஷயமே. கொல்லம்பட்டறையில துருத்திக்காத்து வர்ற துளைகிட்ட, கருப்பா, கண்ணாடி மினுமினுப்போட, உள்ள பொத்தல் பொத்தலா ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும், கொறடால நெம்பி எடுப்பாங்க. அதுக்குப் பேரு கிட்டம், அதையே போடுங்க.

செங்கோட்டை:
கசடுன்னு நல்ல சொல் இருக்கே டீச்சர், 'கசடற'ன்னு படிக்காத புள்ள உண்டா?

பொள்ளாச்சி:
கசடை ஏற்கெனவே, உலோகத்தை உருக்கறப்ப ஒதுங்கற கழிவு இருக்கே, அந்த ஸ்லாக்குக்குக் குடுத்தாச்சுங்களே.

சித்தூர்:
கிட்டம் வடசொல். அங்க அழுக்கு, இரும்புத்துரு எல்லாத்துக்கும் அதேதான். தமிழ்ப் பாடத்துல எதுக்கு?

பொள்ளாச்சி:
ஐயா, பல்லு கிட்டிப்போச்சுன்னு சொல்றோமே, இறுகறதுதானே அது? கிட்டி போட்டு நெருக்கறதும் அதுதான், இறுகிக் கிட்டுனது கிட்டம். மலையாளத்துலயும் இருக்கு. கொடுமணல் அகழாய்வுல கிடைச்சதையும் இரும்புக்கிட்டம்னுதான் சொல்றோம்.

சித்தூர்:
ஓசை ஒத்துப்போனா வேர் ஆயிருமா? அதுவுமில்லாம கிட்டம் உலோகக் கழிவு, நிலக்கரியில உலோகம் ஏது?

பொள்ளாச்சி:
சாம்பல்ல இரும்பு ஆக்சைடு இருக்குங்களே! அதும் சுண்ணாம்பும் சோடாவும் கூடுனா சீக்கிரம் உருகும், சிலிக்காவும் அலுமினாவும் கூடுனா சூடு தாங்கும்.

வாளையார்:
எல்லாரும் ஒண்ண மறந்துட்டீங்க. இங்க சிமெண்ட் ஃபேக்டரியில கிளிங்கர்னா வேற. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சூளையில 1450 டிகிரி வாக்குல வெந்து உருண்டையா வர்றது, அதை அரைச்சாத்தான் சிமெண்ட். அது கழிவு இல்ல, சரக்கு. அதைப் போயி கிட்டம்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. பேசாம கிளிங்கர்னே உடுங்க.

பொள்ளாச்சி:
அதுக்குத்தான் அண்ணா தனிச்சொல்லே வேணுங்கறேன். ரெண்டு பொருளுக்கு அவங்ககிட்ட ஒரே பேருன்னா நாமளும் எதுக்குக் குழப்பிக்கணும்? அடுப்புல வர்றது 'சாம்பல்கிட்டம்', சூளையில வர்றது கிளிங்கர்.

செங்கோட்டை:
சாம்பல்கிட்டம் எனக்குச் சரிதான். கேட்டாலே புரியுது.

வாளையார்:
சரி, போட்டுக்குங்க. எனக்கு நைட் ஷிஃப்ட்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
சாம்பல்கிட்டம்னே அனுப்பறேனுங்க. முதல் எடத்துல மட்டும் பக்கத்துல கிளிங்கர்னும் இருக்கும். ஆந்த்ரசைட்டைக் கிண்டக்கூடாது, அடியில தட்டை ஆட்டி, கீழ கங்கு தெரிஞ்சதும் நிறுத்தணும்ங்கறதையும் சேர்த்துட்டேன்.

சித்தூர்:
என் மறுப்பைக் குறிச்சு வெச்சுக்குங்க டீச்சர். 'உருகுசாம்பல்' இருக்கறப்ப கிட்டம் தேவையே இல்ல. அடுத்த பதிப்புக்கு மறுபடி கேப்பேன்.