2013 ஸ்விஃப்ட்: வீட்டிலேயே ஹெட்லைட் மாற்றலாமா? எல்இடியா, புரொஜெக்டரா?

கம்பம் ஸ்விஃப்ட்:
வணக்கம். 2013 ஸ்விஃப்ட் டீசல், 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேலை திண்டுக்கல்லில், வீடு கம்பத்தில், அதனால் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் கிளம்ப முடிகிறது. போன வாரம் தேவதானப்பட்டி தாண்டி ஒரு டிராக்டரை டிரெய்லரோடு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள், பின்னால் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கூடக் கிடையாது, எதிரே பஸ் வந்ததால் நான் டிம்மில் இருந்தேன், கடைசி நொடியில்தான் தெரிந்தது. மனைவியும் குழந்தையும் வண்டியில் இருந்தார்கள். இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஹெட்லைட்டை மாற்றியே ஆக வேண்டும். ஆக்சஸரீஸ் கடையில் 100/90 வாட் (ஹை 100, டிம் 90) பல்பு போடச் சொல்கிறார்கள். ஆன்லைனில் 20,000 லூமன்ஸ் என்று போட்டு எல்இடி எச்4 (ஹை, டிம் இரண்டும் ஒரே பல்பில் வரும் வகை) விற்கிறார்கள். நண்பர் ஒருவர் லென்ஸ் வைத்த புரொஜெக்டர் லைட்தான் சரி என்கிறார். ஸ்பேனர் செட், மல்டிமீட்டர், சால்டரிங் எல்லாம் கையில் இருக்கிறது, பம்பரைக் கழற்றவும் தெரியும். எதைச் செய்யலாம்?

பழைய வயர்மேன்:
தம்பி, நல்லபடியாக வீடு சேர்ந்தீர்களே, அதுவே போதும். பல்பு வாங்குவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடட்டும், லோ பீம் (டிம்) எரியட்டும், அந்த நிலையில் முதலில் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள், 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அப்புறம் ஹோல்டரின் பின்பக்கமாக முனையைச் செருகி, எரிகிற பல்பின் கால்களில் அளந்து பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள், கரண்ட் ஓடாதபோது முழு வோல்டேஜ்தான் காட்டும், அதில் ஒன்றும் தெரியாது. பத்து வருடம் ஓடிய வண்டிகளில் ஸ்விட்ச், கனெக்டர், எர்த் போல்ட் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, பல்புக்கு வரும்போது 12க்கும் கீழே போயிருக்கும். ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும்.

இதற்கு மருந்து ரிலே, அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் செய்கிற ஸ்விட்ச். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், லோவுக்கு ஒன்று ஹைக்கு ஒன்றாக இரண்டு ரிலே, அங்கிருந்து தடிமனான வயர், செராமிக் ஹோல்டர். பழைய ஹோல்டர் ரிலேயைத் தட்டிவிடுவதற்கு மட்டும். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் பாடியோடு இறுக்குங்கள், பாதிப் பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒன்று கவனியுங்கள், சில வண்டிகளில் லைட் ஸ்விட்ச் பாசிட்டிவைக் கொடுக்காது, எர்த்தைக் கொடுக்கும். அப்படியிருந்தால் எல்லா ரெடிமேட் கிட்டும் பொருந்திவிடாது. உங்கள் வண்டியில் எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

100/90 வேண்டவே வேண்டாம். 60 வாட் பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8க்கு மேல். அதே மெல்லிய வயரில் அதைவிட்டால் சூடு இரண்டரை மடங்குக்கும் மேலே போகும். உருகி ஒட்டிப்போன ஹோல்டர்களை எத்தனையோ வெட்டி எடுத்திருக்கிறேன், ரிஃப்ளெக்டரும் கருகிவிடும்.

மழைக்காலம்:
எல்இடி எச்4 நான் போட்டுப் பார்த்தவன், எட்டு மாதத்தில் கழற்றிவிட்டேன். போட்ட முதல் நாள் வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பால் கொட்டியது போல வெள்ளையாக இருந்தது, பெரிய சந்தோஷம். நெடுஞ்சாலைக்குப் போனால் தூரத்தில் ஒன்றுமே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது: எச்4 பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது, அதுதான் கீழ்ப்பாதி ரிஃப்ளெக்டருக்கு வெளிச்சம் போகாமல் மறைத்து, எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி மேலே ஒரு வெட்டுக்கோடு உண்டாக்குகிறது. மெல்லிய கம்பி இழைக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் தட்டையான எல்இடி சிப்பை வைத்தால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லோரும் டிம் அடித்துக் கேட்டார்கள், நான் டிம்மில்தான் இருந்தேன்.

மழையில் இன்னும் மோசம். 6000 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் ஈரத்தார் ரோடு கறுப்பாக விழுங்கிவிடுகிறது, என் கண்ணுக்கு ஹாலஜனின் மஞ்சள் எவ்வளவோ தேவலை.

பியூட்டைல் கை:
புரொஜெக்டர் நானே வீட்டில் செய்தேன், வேறு வண்டிக்கு. செய்ய முடியும், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைக்காதீர்கள், எனக்கு மூன்று வாரக் கடைசிகள் போனது. டூமை, அதாவது ஹெட்லைட் கூட்டைத் திறக்க 100 டிகிரி வாக்கில் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும், அப்போது கண்ணாடியை ஒட்டியிருக்கும் பியூட்டைல் பசை இளகும். சமையல் அவனில் செய்யாதீர்கள், பசையின் வாடை சாப்பாட்டில் ஏறும். முதலில் உங்கள் டூமில் இருப்பது பியூட்டைலா என்று பாருங்கள், சில கம்பெனிகள் இறுகிய பசை போடுகிறார்கள், அது சூட்டுக்கு இளகாது, நெம்பினால் கண்ணாடி விரிசல் விடும்.

மூடும்போது பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு புதுப் பியூட்டைல் சுற்றுங்கள். பின்னால் இருக்கும் மூச்சுத்துளைகளை சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள். நான் ஒரு பக்கம் அடைத்துவிட்டேன், முதல் மழையிலேயே உள்ளே ஆவி கட்டி, திரும்பவும் திறந்தேன்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே வெட்டுக்கோடு இடது பக்கம் மேலே ஏற வேண்டும், அந்தப் பக்கம்தான் நடப்பவர்களும் மைல்கல்லும் இருக்கிறார்கள். வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த புரொஜெக்டரில் அது வலப்பக்கம் ஏறும், நேராக எதிரே வருகிறவர் முகத்துக்குப் போகும். நிறைய இறக்குமதி சரக்கு அப்படித்தான் வருகிறது. சுவரில் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கம்பம் ஸ்விஃப்ட்:
அனைவருக்கும் நன்றி. அளந்தேன். பேட்டரியில் 14.0, வலது ஹோல்டரில் 11.9, இடதில் 12.1. வயர்மேன் அண்ணா சொன்னது அப்படியே இருக்கிறது. புரொஜெக்டர் போட்டால் ஆர்டிஓ பிரச்சினை வருமா?

எஃப்சி நாள்:
மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பாருங்கள். ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அது ஹெட்லைட்டைப் பற்றி மட்டும் வந்த தீர்ப்பு அல்ல, ஆனால் கண் கூசும் லைட்டுக்கு எப்படியும் அபராதம் உண்டு. அதே வாட்டில் நல்ல பல்பும் ரிலேயும் போட்டால் இந்தத் தலைவலியே கிடையாது.

இன்னொன்று. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாக இருந்தால் எதைப் போட்டும் பயனில்லை. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, உப்புத்தாளை நனைத்து 800, 1000, 1500, 2000, 3000 என்று வரிசையாகத் தேயுங்கள், பாலிஷ் போடுங்கள், கடைசியில் யூவி கிளியர் கோட் கட்டாயம், இல்லையென்றால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். பற்பசை வைத்துத் தேய்ப்பது நாலு நாள் அழகுதான்.

பிறகு குறி பார்ப்பது. சமதரை, சுவருக்கு 5 மீட்டர் தூரம், டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஆள், லைட்டை ஏற்றி இறக்கும் லெவலிங் குமிழ் 0-வில். பல்பின் உயரத்துக்குச் சுவரில் கோடு போடுங்கள். லோ பீமின் வெட்டுக்கோடு அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

கம்பம் ஸ்விஃப்ட்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ரிலே போட்டேன், எங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்த்துத்தான். இப்போது ஹோல்டரில் 13.6 வருகிறது. கண்ணாடி தேய்த்து கோட் அடிக்க ஒரு முழு நாள் ஆனது, இடது பக்கம் நன்றாக வந்தது, வலதில் ஓரத்தில் லேசாகப் புகை போல நிற்கிறது. பல்பு புதிய 60/55 தான். சுவரில் பார்த்தபோதுதான் அதிர்ச்சி, வலது லைட் கோட்டுக்கு 4 சென்டிமீட்டர் மேலே அடித்துக்கொண்டிருந்தது, இத்தனை நாளும் நான் புளியமரக் கிளைகளைத்தான் பார்த்து ஓட்டியிருக்கிறேன். எதிரே வந்தவர்களுக்கும் எவ்வளவு கஷ்டம் கொடுத்திருப்பேன்.

நேற்று இரவு அதே தேவதானப்பட்டி ரோட்டில் டிம்மிலேயே ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவரை தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்தேன். ரிலே இரண்டையும் பேட்டரிக்குப் பக்கத்தில் கனெக்டர் கீழே பார்க்கும்படி மாட்டியிருக்கிறேன், மழைத்தண்ணீர் தங்காது. புரொஜெக்டர் யோசனையை விட்டுவிட்டேன்.

பழைய வயர்மேன்:
நல்லது தம்பி. ஒரு மாதம் கழித்து, லைட்டை அரைமணி நேரம் எரியவிட்டு அணைத்த பிறகு ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலே அடியையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அங்கே கிரிம்ப் (வயரை நசுக்கிப் பிடித்த இணைப்பு) சரியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள்.