முனீர் சௌத்ரியின் ‘கபர்’: தலைப்பும் அறிமுக உரையும் குறித்து

குழித்துறை வாசகன்:
வரும் பிப்ரவரி 21 அன்று எங்கள் நூலக வாசகர் வட்டத்தில், வங்காள நாடகாசிரியரும் டாக்கா பல்கலைக்கழக ஆசிரியருமான முனீர் சௌத்ரியின் ‘கபர்’ (புதைகுழி) நாடகத்தைப் பிள்ளைகளைக் கொண்டு மேடையேற்ற எண்ணியுள்ளோம். தலைப்பைக் ‘கல்லறை’ என்று மாற்றலாம் என்கிறார்கள். மேலும், பிற்காலத்தில் பாகிஸ்தான் அரசின் விருதைப் பெற்றுக்கொண்டவரை எதற்காகக் கொண்டாட வேண்டும் என்று வட்டத்தில் ஒருவர் ஆட்சேபிக்கிறார். அறிமுக உரையில் அதை எவ்வாறு சொல்வது?

தக்கலைக்காரன்:
தலைப்பில் கை வைக்காதீர்கள், தம்பி. தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கபர் என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும்; கல்லறை என்றால் நம் மாவட்டத்தில் சிலுவை நட்ட சிமெண்டு மேடைதான் நினைவுக்கு வரும்.

1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காகத் திரண்ட மாணவர்களை, அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் போலீஸ் சுட்டுக் கொன்றதைக் கண்டித்ததற்காகச் சிறை வைக்கப்பட்ட முனீர் சௌத்ரியிடம், உடன் சிறையிலிருந்த ரணேஷ் தாஸ்குப்தா, அரிக்கன் விளக்கு வெளிச்சத்திலேயே நடிக்கத்தக்க ஒரு நாடகம் எழுதித் தரும்படி கேட்டார். 1953 ஜனவரியில் எழுதப்பட்டு, அடுத்த மாதம் 21ஆம் தேதி இரவு கைதிகளாலேயே நடிக்கப்பட்டது அந்நாடகம். கதை இரவில், இடுகாட்டில் நடப்பதால் விளக்கின் குறையே காட்சிக்குப் பொருந்திவிட்டது. சுடப்பட்டவர்களை விடியுமுன் புதைத்துவிடத் துடிக்கும் அரசியல் தலைவர் ஒருவர், போலீஸ் அதிகாரி ஒருவர். புதைகுழிக்குள் போக மறுத்து எழுந்து நிற்கும் மையத்துகள் (பிணங்கள்). பிண வாடை உயிரோடிருக்கும் அவ்விருவர் மேல்தான் அடிக்கிறது என்று சொல்லும் ஃபக்கீர். 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழகத்தோடு இணையப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த ஊரில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

நாகர்கோவில் ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
விருதை மறைக்க வேண்டாம், முழுவதையும் சொல்லுங்கள். 1966இல் ‘சிதாரா-ஏ-இம்தியாஸ்’ என்ற பாகிஸ்தான் அரசு விருதைப் பெற்றார் என்பது உண்மை. அதற்கு அடுத்த ஆண்டே, பாகிஸ்தான் வானொலியில் தாகூர் பாடல்களைத் தடுக்க முனைந்தபோது எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1971 மார்ச்சில் விருதையும் துறந்தார். சிறையிலிருந்தபடியே வங்க இலக்கியத்தில் முதுகலைத் தேர்வு எழுதியவர், பின்னர் ஹார்வர்டில் மொழியியல் கற்று, 1965இல் வங்கத் தட்டச்சுக்கு ‘முனீர் ஆப்டிமா’ என்ற விசைப்பலகையை வடிவமைத்தார். எழுத்தை அலுவலக மேசைக்குக் கொண்டுசேர்ப்பதும் மொழிப்போர்தான் என்பது என் கருத்து. தட்டச்சுப் பயிலகத்தில் கை நோகத் தமிழ் அடித்துப் பழகியவன் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

1971 டிசம்பர் 14 அன்று, பாகிஸ்தான் படை சரணடைய இரண்டே நாள் இருக்கையில், அப்படைக்குத் துணை நின்ற அல்-பதர் என்ற ஆயுதக் குழுவின் ஆட்கள் அவரை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். வயது 46. உடல் கிடைக்கவில்லை. ‘கபர்’ எழுதியவருக்குக் கபர் இல்லை என்பதை மட்டும் உரையின் கடைசியில் வையுங்கள்.

குழித்துறை வாசகன்:
இருவருக்கும் நன்றி, ஐயா. ஆட்சேபித்தவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். விருதைத் துறந்த செய்தியைத் தாமே மேடையில் சொல்கிறேன் என்கிறார். தலைப்பு ‘கபர்’ என்றே இருக்கும். மின்விளக்குகளை அணைத்துவிடப் போகிறோம். எங்கள் வீட்டு மச்சில் நான்கு அரிக்கன் விளக்குகள் கிடக்கின்றன. திரி மட்டும் வாங்க வேண்டும்.