சீமைக் கருவேலத்தை எடுத்த இடத்தில் ஒரே வகை மரமாக வைக்கலாமா?

முதுகுளத்தூரான்:
நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். ஊரில் அப்பா விட்டுப்போன 3 ஏக்கர் கரிசல் புன்செய். 12 வருடமாக உழவில்லை, முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. பொக்லைன் விட்டு வேரோடு பிடுங்க அண்ணனுக்குப் பணம் அனுப்பிவிட்டேன். நாற்றுக்காரர் ஒருவர், "மொத்தத்துக்கும் மலைவேம்பு போடுங்க, சீக்கிரம் வளர்ந்து காசாகும் மரம், கலந்து வைத்தால் பராமரிக்க முடியாது" என்கிறார். அண்ணனும் அதையே சொல்கிறார். எனக்குத்தான் உறுத்தல். சின்ன வயதில் அந்த வரப்பில் இலந்தை, ஆவாரை, கொழிஞ்சி எல்லாம் பார்த்திருக்கிறேன். இங்கே சாலையோர மரத்தின் கிளையிலேயே நாலு வகைச் செடி ஒட்டி வளர்கிறது. அது மழைக்குப் பஞ்சமில்லாத ஊர், சரி. நம் காட்டில் பல வகை இருந்தால் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளாதா?

ஆவாரம்பூ:
தம்பி, தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கொஞ்சம் நீட்டிவிடுவேன். அடித்துக்கொள்ளும்தான், ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் அல்ல. புல் மேல்மண்ணின் ஈரத்தைக் குடிக்கும், வன்னி ஆழத்துக்குப் போகும். கொழிஞ்சி வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும், இலந்தை நிழலில் வேறு நாற்று பிழைக்கும். 2012-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் 224 வறண்ட நிலங்களைப் பார்த்தார்கள். தாவர வகை அதிகமுள்ள இடத்தில் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து மண்ணில் சுழல்வது மேலாக இருந்தது. வெப்பம் கூடிய இடத்தில் அது குறைந்தது. வகைகளின் பங்கு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மழை, மண் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் நின்றது.

2020-இல் வந்த இன்னொன்றுதான் எனக்குப் பயம். வறட்சி கூடக் கூட நிலம் மெல்லத் தேய்வதில்லையாம், ஒவ்வொரு கட்டத்திலும் சட்டென்று சரிகிறது. முதலில் செடிகளின் வளர்ச்சி, அப்புறம் மண், கடைசியில் வகைகளே போய்விடும்.

கிடைஆடு:
அண்ணே, எங்கள் வீட்டில் ஆடு வைத்திருந்தோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சீமைக் கருவேலங்காயை ஆடு தின்றால் புழுக்கை விழுந்த இடமெல்லாம் முளைக்கும். அடிமரத்தை வெட்டினாலும் துளிர்க்கும். பிடுங்கிவிட்டு மண்ணை வெறுமனே போட்டால் அதுதான் முதலில் திரும்பி வரும். ஐப்பசி மழைக்கு முன்னால் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவுங்கள். அப்புறம் நாட்டுக் கருவேல், வெள்வேல், வன்னி. அந்த மரத்தை ரொம்பத் திட்டவும் வேண்டாம், கரிமூட்டம் போட்டுத்தான் எங்கள் தெருவில் பாதி அடுப்பு எரிந்தது.

ஈசூன்வாசி:
மலைவேம்புக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது? கிணறு இருக்கிறதா? வன்னியை வைத்து 5 வருடத்தில் காசு பார்க்க முடியாது, அதையும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

முதுகுளத்தூரான்:
கிணறு இருக்கிறது, கோடையில் வற்றிவிடும். நேற்று அண்ணனிடம் பேசினேன். கிணற்றடியில் அரை ஏக்கர் மட்டும் மலைவேம்பு, அது அவர் பிடிவாதம். மீதிக்கு நீங்கள் சொன்னது. பொக்லைன்காரரிடம் வரப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லப் போன் போட்டபோது மேற்கு வரப்பு முடிந்துவிட்டது. கிழக்கு வரப்பில் இரண்டு இலந்தை தப்பித்திருக்கிறது, அண்ணன் படம் அனுப்பினார். கொழுக்கட்டைப் புல் விதை பரமக்குடி, கோவில்பட்டி பக்கம் எங்கே கிடைக்கும்?