'சுளுக்குதான்' என்றார்கள்: களத்தில் அடிபட்ட அனுபவங்கள்

தஞ்சாவூர்ப் பக்கம், கபடி

பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் நடந்த போட்டி. ஆட்டம் முடிய நான்கைந்து நிமிடம்தான் இருந்தது. பாடிப் போனேன். மூலையில் நின்றவர் காலைப் பிடிக்கப் பாய்ந்தார். தப்பிக்க இடது காலை ஊன்றி உடம்பைச் சட்டென்று திருப்பினேன். பாதம் மண்ணிலேயே நின்றுவிட்டது, முட்டி மட்டும் திரும்பியது. யார் கையும் என் மேல் படவில்லை. உள்ளே 'டப்' என்றது, எனக்கே காதில் கேட்டது.

உயிர் போகிற வலி. ஆனால் பத்து நிமிடத்தில் எழுந்து நடந்துவிட்டேன். "சுளுக்குதான், வழிச்சு விட்டா சரியாப் போயிடும்" என்றார்கள். வீடு வந்து சேர்வதற்குள் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் சூடாக எண்ணெய் வைத்து அழுத்தி நீவினார்கள். அடிபட்ட முதல் இரண்டு நாளில் செய்யவே கூடாத வேலை அது, உள்ளே இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். துணி சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்திக் கிடந்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. சரி, பயமில்லை என்று விட்டுவிட்டோம்.

மூன்று வாரத்தில் நடை சரியானது. ஆனால் படி இறங்கும்போது முட்டி நழுவும். அதோடு மறுபடி ஆடினேன், மறுபடி மடங்கி விழுந்தேன். அப்புறம்தான் எம்ஆர்ஐ. முட்டிக்குள் இருக்கும் முன் ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது. இரண்டாவது தடவை விழுந்ததில் மெனிஸ்கஸும், அதாவது முட்டி எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பும், கிழிந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அவர் என்னைப் படுக்க வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தார். வலது கால் 'டக்'கென்று நின்றது. இடது கால் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். திரும்பும்போது சத்தம், ஓரிரு மணி நேரத்தில் வீக்கம், பிறகு நழுவல் என மூன்றும் இருந்தால் ஜவ்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்றார். தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பது மாதம் களம் பக்கமே போகக் கூடாது. பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாருக்கு 2023 அக்டோபரில் போனதும் இதே இடது முட்டி, இதே ஜவ்வும் மெனிஸ்கஸும்தான். திரும்பி வர அவருக்கே ஒரு வருடம் ஆனது.

கோவை, ஷட்டில், வயது 43

தம்பி, எனக்கும் அந்த 'டப்' கேட்டது, ஆனால் குதிகாலில். ஐந்து மாத இடைவெளிக்குப் பிறகு ஆபீஸிலிருந்து நேராக கோர்ட்டுக்குப் போய், உடம்பைச் சூடாக்காமலே ஆடினேன். பின்னால் போய்விட்டு நெட்டை நோக்கிக் காலை உந்திய நொடியில், யாரோ மட்டையால் குதிகாலில் அடித்தது போல இருந்தது. கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமே இல்லை. வலிகூடப் பெரிதாக இல்லை. ஆனால் அந்தக் காலில் நுனிவிரலால் எழும்பி நிற்க முடியவில்லை. குதிகாலுக்கு மேலே தடவினால் விரல் புதைகிற பள்ளம். குப்புறப் படுக்க வைத்து கெண்டைச் சதையைப் பிசைந்தார்கள். நல்ல கால் பாதம் அசைந்தது, இந்தக் கால் பாதம் அசையவே இல்லை. குதிகால் தசைநார் அறுந்துவிட்டது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

மதுரை, விக்கெட் கீப்பர்

என்னுடையது விரல்தான். பந்து நடுவிரல் நுனியில் நேராகக் குத்தியது. அன்றிலிருந்து நுனி தொங்குகிறது. மறு கையால் தூக்கினால் நிமிரும், விட்டால் விழும். வலி இல்லாததால் இரண்டு மாதம் கவனிக்கவில்லை. உடனே போயிருந்தால் ஆறேழு வாரம் கட்டையோடு நேராக வைத்தே சரி செய்திருப்பார்களாம். குளிக்கும்போதுகூட மடக்கக் கூடாது, ஒரு தடவை மடங்கினாலும் நாள் கணக்கு முதலிலிருந்து. எனக்கு இன்னும் வளைந்தே இருக்கிறது.

சென்னை, ஒரு அம்மா

நீங்கள் எல்லோரும் கை கால் பற்றி எழுதுகிறீர்கள், நான் தலை பற்றிச் சொல்கிறேன். மகனுக்கு 14 வயது, கால்பந்து. பந்தைத் தலையால் முட்ட எழும்பியபோது எதிரணிப் பையன் தலையோடு மோதிவிட்டான். மயங்கவில்லை, எழுந்து நின்றான். தண்ணீர் கொடுத்து மறுபடி ஆட விட்டார்கள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வண்டியில் வரும்போது "அம்மா, ஸ்கோர் என்ன?" என்று மூன்று தடவை கேட்டான். ராத்திரி இரண்டு முறை வாந்தி. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இது மூளை அதிர்ச்சிதான், மயக்கம் வந்தால்தான் என்றில்லை, ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும் என்றார் டாக்டர். சர்வதேச கிரிக்கெட்டில் தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம் என்று 2019 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தார்கள். அதே மாதம் லார்ட்ஸில் ஆஸ்திரேலிய அணியில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் ஆடினார். பள்ளி மைதானத்தில் சந்தேகம் வந்தால் வெளியே உட்கார வைக்க ஒரு பெரியவர் போதும்.

ஒரு வாரம் வெளிச்சம் பட்டாலே தலைவலி என்றான். எட்டாவது நாள் சாப்பிடும்போது கேட்டான், "அன்னைக்கு நாங்க ஜெயிச்சோமா?" அந்த ஆட்டத்தின் பின்பாதி முழுக்க ஆடியவன் அவன். இன்றுவரை அதில் ஒரு நிமிடம்கூட அவனுக்கு ஞாபகம் இல்லை.