ஜே-கட், எல்-கட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். விஸ்காம் இரண்டாம் ஆண்டுக்குப் படத்தொகுப்புப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். ஜே-கட், எல்-கட் இரண்டில் நின்றுவிட்டேன். அடுத்த ஷாட்டின் ஒலி முன்னதாகவே கேட்டால் ஜே. படம் மாறிய பிறகும் பழைய ஷாட்டின் ஒலி ஓடினால் எல். தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் மேலே படம், கீழே ஒலி. கீழ்ப்பட்டை இடப்பக்கம் நீண்டால் ஜே-யின் வால், வலப்பக்கம் நீண்டால் எல்லின் கால். தமிழ்வழியில் வந்த பிள்ளைகள் தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். உதவுங்கள்.

——

அம்மா, எல்லுக்கு நம்மிடமே எழுத்து இருக்கிறது: ட. நிமிர்ந்த கோடு, அடியில் வலப்பக்கம் ஓடும் கோடு. 'டகர வெட்டு' என்று வைக்கலாம். ஜே-க்குத்தான் தோது இல்லை. தமிழ்ப் பிராமியில் ட பிறைபோல வளைந்திருக்கும். அதுவும் வலப்பக்கமே திறந்திருக்கிறது. வட்டெழுத்தையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

——

> டகர வெட்டு

வரிவடிவம் மாறிக்கொண்டே இருக்கும், தம்பி. இலக்கணத்திலிருந்து எடுப்போம். இரண்டு ஷாட் சேருமிடம் புணர்ச்சிதானே? முன்னது நிலைமொழி, பின்னது வருமொழி. நிலைமொழியின் ஒலி நீடித்தால் 'நிலையொலி வெட்டு', வருமொழியின் ஒலி முந்தினால் 'வருமொலி வெட்டு'. அந்தாதி என்றும் சொல்லிப் பார்த்தேன்: 'அந்தம் முதலாத் தொடுப்பது' என்கிறது யாப்பருங்கலக்காரிகை. ஆனால் அந்தம், ஆதி இரண்டுமே வடசொல். 'ஈற்றுமுதல் வெட்டு' என்றால் குறையில்லை.

——

ஐயா, அந்தாதியில் சொல் திரும்ப வரும். இங்கே ஒலி திரும்புவதில்லை, அறாமல் ஓடுகிறது. 'நிலையொலி' என்றால் என் காதுக்கு ஃபேன் இரைச்சல்தான்.

நான் ஃபிலிமில் தொழில் படித்தவன். படம் ஒரு சுருள், ஒலி தனிச்சுருள். மூவியோலா என்ற தொகுப்பு இயந்திரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24. ஒலியை ஓர் அடி முன்னே தள்ளி ஒட்டினால், நொடியில் மூன்றில் இரண்டு பங்கு முன்னதாக அடுத்த இடம் காதில் விழும். ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' (1935) பாருங்கள். வேலைக்காரப் பெண் பிணத்தைக் கண்டு திரும்பி வாயைத் திறக்கிறாள். கேட்பது அலறல் இல்லை, ரயிலின் ஊதல். அதன் பிறகுதான் ரயில் குகையைவிட்டு வருகிறது. முந்துவது ஒலி, ஆகவே 'முந்தொலி வெட்டு'. மற்றது 'நீளொலி வெட்டு'. இரண்டும் வினைத்தொகை, ஐயாவுக்கும் சம்மதமாக இருக்கும்.

——

எனக்கு 'வெட்டு' என்பதே உறுத்துகிறது. வெட்டுத் தெரியாமலிருக்கத்தானே ஒலியை இழுக்கிறோம்? 'முந்தொலி ஒட்டு' என்றால் செய்கையும் பயனும் ஒன்றாக நிற்கும்.

——

'ஒட்டு' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் பாடத்திலேயே கட் என்றால் வெட்டு என்று எழுதியாயிற்று. முந்தொலி வெட்டு, நீளொலி வெட்டு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். வேலைக்குப் போகும் இடத்தில் கேட்பார்கள் என்பதால் ஜே-கட், எல்-கட் பெயரும் பக்கத்தில் இருக்கும். எல்லோருக்கும் நன்றி.

——

அச்சாகட்டும், அம்மா. ஆனால் நீளொலி என்றதும் படிக்கிற பிள்ளைக்கு நெடில்தான் நினைவுக்கு வரும். அடுத்த பதிப்புக்குள் வேறு சொல் தருகிறேன்.