கட்டணம் எல்லாருக்கும், ஆட்டம் 11 பேருக்கு: மும்பைப் பள்ளி விளையாட்டு அனுபவங்கள்

ஹார்பர்லைன்_அப்பா

பிள்ளைகளைப் பள்ளி அணியில் சேர்த்த மும்பைப் பெற்றோர் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் எங்கள் கதை.

பையன் எட்டாவது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான ஜைல்ஸ் ஷீல்டு என்கிற பள்ளி கிரிக்கெட் போட்டிக்கான அணியில் அவன் பெயர் வந்ததும் வீட்டில் பாயசம். பட்டியலில் மொத்தம் 16 பேர். கோச்சிங் கட்டணம் மாதம் 3,000 ரூபாய். கிட் பேக், ஸ்பைக்ஸ், வெள்ளை உடுப்பு எல்லாம் தனி. 16 பேருக்கும் ஒரே கட்டணம்தான்.

லீவு போட்டுவிட்டு ஆசாத் மைதானுக்குப் போனேன். 22 பிட்ச் இருக்கிற இடம் அது. அடுத்த மேட்ச்சின் ஃபீல்டர் நம் மேட்ச்சின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். எங்கள் ஆள் டென்ட்டுக்குள் உட்கார்ந்து ஸ்கோர் புக்கில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மதியம் ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசக, இவனை இறக்கினார்கள். மாற்று ஆளாகப் போகிறவன் மட்டை பிடிக்கவும் முடியாது, பந்து போடவும் முடியாது. தேர்டு மேனில் நின்றான். ஒரே ஒரு பந்து அவன் பக்கம் வந்தது. அதுவும் பக்கத்து மேட்ச் பந்து.

நன்றாக ஆடுகிறவன் ஆடட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சீசன் முழுக்க ஒரு ஓவர்கூடக் கிடைக்காது என்று கோச்சுக்கு முன்பே தெரியுமல்லவா? அப்புறம் எதற்கு அந்த ஐந்து பேரிடமும் முழுக் கட்டணம்?

கிங்ஸ்சர்க்கிள்_பழசு

தம்பி, அணிக்குள் இருந்தாலும் ஆட்டம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 1988 பிப்ரவரியில் இதே ஆசாத் மைதானில் ஹாரிஸ் ஷீல்டு என்கிற பள்ளி கிரிக்கெட் போட்டியின் அரையிறுதி. சச்சினும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தார்களே, அந்த மேட்ச். அடுத்து இறங்க வேண்டியவர் அமோல் மஜும்தார். பேட் கட்டியபடி உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பிற்பாடு முதல்தர கிரிக்கெட்டில் 11,000 ரன்னுக்கு மேல் அடித்தும் இந்திய அணியில் இடம் கிடைக்கவில்லை. 2025-ல் நம் பெண்கள் நவி மும்பையில் உலகக் கோப்பையை ஜெயித்தபோது அவர்தான் பயிற்சியாளர்.

இதைச் சொல்லித்தான் எல்லா கோச்சும் பெற்றோரை ஆறுதல்படுத்துவார்கள். ஏமாந்துவிடாதீர்கள். அவர் அன்று 11 பேரில் ஒருவர். உங்கள் பையனின் கதை வேறு.

ஓய்வுபெற்ற_பிடி_வாத்தியார்

உடைத்தே சொல்லிவிடுகிறேன். தோல் பந்து, நெட், கிரவுண்ட் வாடகை, பிட்ச்சுக்குத் தண்ணீர் ஊற்றும் மாலிக்குச் சம்பளம், எல்லாம் கட்டணத்திலிருந்துதான். நான் வேலை பார்த்த இடத்தில் பெஞ்ச் பையன்கள் கட்டும் காசு இல்லாவிட்டால், ஆடுகிற 11 பேருக்குப் புதுப் பந்து கிடைக்காது. போதாக்குறைக்கு வெளியிலிருந்து வரும் கோச்சுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேச்சு. அணியைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான், காசு வாங்குவதும் அவர்தான். பட்டியல் ஏன் குறையும்? ஒரு வருடம் 22 பெயர்வரை போனது.

அதனால் 'என் பையனுக்குச் சான்ஸ் தருவீர்களா' என்று கேட்காதீர்கள். யாரைக் கேட்டாலும் தருகிறேன் என்றுதான் சொல்வார். மூன்று கேள்வி கேளுங்கள்: போன வருடம் கடைசி ஐந்து பையன்கள் எத்தனை மேட்ச் ஆடினார்கள்? பி டீம் உண்டா? போட்டி நாக்அவுட் என்றால், முதல் மேட்ச்சிலேயே தோற்ற பிறகு மீதி மாதங்களுக்கு என்ன திட்டம்? மூன்றாவதுக்குப் பெரும்பாலும் பதில் வராது.

90அடி_சாலை

நான் தாராவி. ஸ்கூலில் கபடி ஆடினேன். கட்டணம்னு ஒரு பைசா கட்டியதில்லை, மேட் வாங்கவே ஸ்கூலில் காசு கிடையாது, வெறும் மண்தான். 12 பேர் அணி, உள்ளே ஏழு. கபடியில் ஒரு வசதி, அவுட் ஆனவன்கூட நம் அணி எதிரணி ஆளை அவுட் ஆக்கினால் திரும்ப உள்ளே வரலாம். பெஞ்சில் இருப்பவனையும் நடுவில் மாற்றி இறக்கலாம். வாராவாரம் ஏதாவது ஒரு மராத்தி மண்டலில் (ஏரியா சங்கம்) டோர்னமென்ட் இருக்கும், ஸ்கூலில் இறக்காவிட்டால் அங்கே ஆடிவிடுவேன்.

என்னை உட்கார வைத்தது எடை. எங்கள் வயதுப் பிரிவுக்கு எடை வரம்பு உண்டு. முதல் நாள் ராத்திரி அம்மா மீன் குழம்பு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள், நான் பட்டினியாகப் படுத்திருக்கிறேன். காலையில் தராசு அரை கிலோ கூடக் காட்டியது.

முலுண்ட்_அம்மா

எங்கள் பிரச்சினை தலைகீழ். மகள் கால்பந்து. எங்களுக்கு பெஞ்ச்சே கிடையாது! ஒன்பதாவது வரைக்கும் 15 பெண்கள் இருந்தார்கள். பத்தாவது வந்ததும் டியூஷன், 'வெயிலில் கறுத்துப்போவாள்' என்று பாட்டி பேச்சு, எல்லாம் சேர்ந்து ஒவ்வொருத்தியாக நிறுத்திவிட்டார்கள். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே நடக்காது என்பது விதி. ஒரு தடவை ஒன்பது பேரோடு இறங்கினார்கள். இவள் கடைசிவரை ஓடி, ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்து, ரயிலிலேயே தூங்கிவிட்டாள்.

உங்கள் பள்ளிப் பட்டியலில் 22 பெயர் என்று படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது, வாத்தியார் சார்.

ஹார்பர்லைன்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சொன்ன மூன்றையும் கோச்சிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் கேள்விக்கு மொபைலை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பி டீமுக்கு 'கிரவுண்ட் கிடைத்தால் பார்க்கலாம்' என்றார். மூன்றாவதைக் கேட்டு முடிப்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அடுத்த காலாண்டுக் கட்டணம் கட்டச் சொல்லி நேற்று மெசேஜ் வந்திருக்கிறது. இன்னும் கட்டவில்லை. செம்பூர், கோவண்டி பக்கம் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் தருகிற கிளப் யாருக்காவது தெரியுமா? பையன் லெக் ஸ்பின் போடுவான்.

90அடி_சாலை

அண்ணே, சயான் பக்கம் ஒரு கிளப்பில் என் சித்தப்பா பையன் போகிறான். ஞாயிறு இரண்டு டீமாகப் பிரித்து ஆடவிடுவார்கள். கட்டணம் விசாரித்துச் சொல்கிறேன். அங்கேயும் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.