மாத்திரை டப்பாவுக்குள்ள பஞ்சு

கேள்வி:
பிறந்ததுலேர்ந்தே எச்.ஐ.வி. வயசு 19. ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூம்ல நின்னு மாத்திரை போடுறேன். டப்பா சத்தம் வராம இருக்க உள்ள பஞ்சு. மூணு வாரமா தூக்கமில்ல. போன வாரம் ரெண்டு நாள் மாத்திரையும் போடல. கவுன்சிலர் அக்கா நல்லவங்கதான், ஆனா "சாப்பிட்டியா, போட்டியா" தாண்டிப் பேச்சு போகாது. இதே மாத்திரை போடுற யார்கிட்டயாவது பேசணும் போல இருக்கு. பேசிப் பார்த்தவங்க இருக்கீங்களா?

பதில் 1:
தம்பி, நானும் அப்படித்தான், 26. எனக்குப் பேச வாய்ச்சவர் ஒரு மெக்கானிக். அறிவுரையே கிடையாது. டீ வாங்கிக் கொடுத்துட்டு, தான் மாத்திரையைச் சாக்கடையில கொட்டின கதையைச் சொன்னார். ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சேன். நீ எச்.ஐ.வி. மருந்து வாங்குற ஏ.ஆர்.டி. மையத்துல, பாசிட்டிவ் நெட்வொர்க் (எச்.ஐ.வி. உள்ளவங்களே நடத்துற சங்கம்) ஆளுங்க யாராவது வர்றாங்களான்னு கேளு.

பதில் 2:
ஜிம்பாப்வேயில 2004ல ஆரம்பிச்ச 'ஸ்வாந்திரி'ங்கிற அமைப்பு இதைத்தான் செய்யுது: எச்.ஐ.வி. உள்ள 18-24 வயசுக்காரங்களுக்கே பயிற்சி கொடுத்துப் பேச அனுப்புறாங்க. ஆனா தூக்கத்தை டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. டோலுடெக்ராவிர்ங்கிற எச்.ஐ.வி. மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். உங்க மாத்திரையில அது இருந்தா, காலையில போடலாமான்னு கேளுங்க. விட்ட ரெண்டு நாளையும் மறைக்காதீங்க. ராத்திரி ரொம்ப முடியலன்னா டெலி-மானஸ் (அரசாங்க மனநல உதவி எண்) 14416க்குப் போன் பண்ணுங்க.

கேட்டவர்:
திங்கட்கிழமை மருந்து வாங்கப் போறேன், கேக்குறேண்ணா. அந்த மெக்கானிக் மாதிரி டீ வாங்கித் தர்ற ஆளா இருந்தா நல்லாருக்கும்.